மாடிக்கு ஒரு பத்திரம்

"முழுதும் புதுப்பிக்கப்பட்ட வீடு, மேல்தளம், தனி மொட்டைமாடி, கடற்காற்று, உடனே குடியேறலாம்." சென்னையிலும் புதுச்சேரியிலும் வீடு விற்பனை விளம்பரங்களில் இந்தச் சொற்களுக்குத் தனி மவுசு. பக்கத்து வீட்டைவிடச் சில லட்சம் கூட்டிக் கேட்க இவை போதும். வாங்குகிறவர் எதெதற்குக் காசு கொடுக்கிறார் என்று பார்த்தால் சுவரும் தரையும் குளியலறைக் குழாயும் இருக்கின்றன. கூடவே வெயிலும் காற்றும் மழையும் நிலவும் விலைக்குள் அடக்கம். தான் செய்யாத, செய்யவே முடியாதவற்றுக்கும் சேர்த்து ஒருவர் விலை வாங்கிக்கொள்கிறார். இன்னொருவர் அன்று முதல் "இது என்னுடையது" என்கிறார். இந்த "என்னுடையது" எவ்வளவு தூரம் செல்லும்? இது வக்கீல் அலுவலகத்தில் முடிந்துபோகும் கேள்வி போலத் தோன்றலாம். ஆனால் 'யான்', 'எனது' என்ற இரண்டையும் வள்ளுவர் துறவு அதிகாரத்தில் சேர்த்தே வைத்தார். சைவ சித்தாந்தம் அவற்றை ஆணவத்தின் வேலை என்றது. சமயம் கேட்ட கேள்வியைத்தான் சார்பதிவாளர் அலுவலகமும் வேறு தொனியில் கேட்கிறது. என் கட்சி இது: ஒரு பொருளை எந்த அளவுக்கு ஒருவர் பேணுகிறாரோ அந்த அளவுக்கே அது அவருடையது, அதற்கு மேல் சொல்லிக்கொள்வது பத்திரத்தில் செல்லும், உண்மையில் செல்லாது. இதற்கான சான்றுகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மரக்காணத்து உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன.

முதலில் சட்டம். நாம் நினைக்கிற அளவுக்கு அது அடித்துப் பேசுவதில்லை. அடுக்ககத்தில் வீடு வாங்குகிறவருக்கு நிலத்தில் கிடைப்பது பிரிக்கப்படாத பாகம், தரகர் பேச்சில் யூடிஎஸ். இத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் எண் இருக்கும். அந்தச் சதுர அடிகள் மனையின் எந்த மூலையில் இருக்கின்றன என்று எந்த சர்வேயராலும் கல் நட்டுக் காட்ட முடியாது. மொட்டைமாடி இன்னும் சிக்கல். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பொதுப் பகுதிகளின் பட்டியலில் மொட்டைமாடியைச் சேர்த்திருக்கிறது. அதே சட்டம், கார்ப்பெட் ஏரியா என்பதை வரையறுக்கும் இடத்தில், ஒருவரின் தனிப் பயனுக்கென்று வீட்டை ஒட்டிய திறந்த மாடி ஒன்று இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, அதை அந்தக் கணக்கில் சேர்க்காமல் தள்ளி வைக்கிறது. அதாவது, தனியாக அனுபவிக்கலாம். வீடு என்று எண்ணக் கூடாது. 2010இல் நஹல்சந்த் லாலூசந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம், தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடத்தைக் கட்டுநர் தனிச்சரக்காக விற்க முடியாது என்றது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் கட்டடத்தையே இடித்துக் கட்ட அது வழிவிடுகிறது. இத்தனைக்கும் நடுவில் நம் கிரையப் பத்திரங்கள் இன்னமும் "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள" என்றே எழுதுகின்றன. பேரன் பெயர்த்தி வரைக்கும் பேசுகிற அந்த நடை அழகானதுதான். அண்டை வீட்டார் கையெழுத்துப் போட்டால் கூரையே இல்லாமல் போகும் ஓர் உரிமைக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை.

பத்திரம் என்றதும் இந்த மாவட்டத்தின் மிகப் பழைய பத்திர வழக்கு ஒன்று நினைவுக்கு வராமல் போகாது. மரக்காணம் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தில்தான் திருவெண்ணெய்நல்லூரும் இருக்கிறது. பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரிந்ததே: புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தலில் ஒரு கிழவர் புகுந்து, "நீ என் அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது" என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படி ஓலை. மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது. வழக்கு ஊர்ச் சபைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், சாட்சி மூன்றில் ஏதாவது ஒன்றைக் காட்டு என்று சபையார் கேட்கிறார்கள். மூல ஓலை வருகிறது, பாட்டனின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், சுந்தரர் தோற்றுப்போகிறார். பிறகு, "இந்த ஊர்க்காரர் என்கிறீரே, உம் வீடு எங்கே?" என்று கிழவரைக் கேட்கிறார்கள். அவர் எல்லோரையும் அழைத்துக்கொண்டு திருவருட்டுறைக் கோயிலுக்குள் போய் மறைந்துவிடுகிறார். அருளின் கதையாகவே இதைப் படித்துப் பழகிவிட்டோம். சொத்துரிமைக் கதையாகவும் படிக்கலாம். சேக்கிழார் ஆவணத்தைக் கேலி செய்யவில்லை. இறைவனே வந்தாலும் மூலத்தைக் காட்டித்தான் வழக்கை வெல்ல வேண்டும் என்று வைத்தார். உரிமை என்பதே பொய், எல்லாம் மாயை என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொள்ள இந்தக் கதை இடம் தராது. ஆனால் அந்த ஓலையில் எழுதியிருந்தது என்ன? பாட்டனும் அவன் வழிவந்தோரும் செய்ய வேண்டிய தொண்டு. அனுபவிக்க வேண்டிய சொத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. கோயிலுக்குள் நடந்ததும் அதுதான்: பாட்டுப் பாடு, அதுவே உன் வேலை என்ற கட்டளையோடு வழக்கு முடிகிறது. ஒருவர் மற்றொன்றோடு கொள்ளும் உறவை வேலையாக எழுதிவைத்த பத்திரம் அது. நம் கிரையப் பத்திரமோ அனுபவத்தை மட்டும் எழுதிவிட்டு வேலையை விட்டுவிடுகிறது.

சபையார் கேட்ட மூன்றில் முதலாவது ஆட்சி. கையாண்டு வருவது. அதை உப்பளத்தில் பார்ப்பதுபோல வேறெங்கும் பார்க்க முடியாது. மரக்காணத்தில் 3,000 ஏக்கருக்கும் மேல் உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உப்பு வணிகரான உமணரும் அந்த நூலில் வருகிறார்கள். பிற்காலத்தில், 1877-78 பஞ்ச நிவாரணப் பணியாக நீட்டிக்கப்பட்ட பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடிவதும் இங்கேதான். சென்னைக்கு உப்பு தோணியில் போன வழி அது. ஆனால் இந்தப் பழமை எதுவும் பாத்திக்குள் தங்குவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பு கரைந்து, பாத்தியில் சேறு ஏறி, தளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். தண்ணீர் வடிந்தபின் சேற்றை வாரி வெளியே போட வேண்டும். வரப்பைக் கட்ட வேண்டும். பாத்தித் தரையைக் காலால் மிதித்து மிதித்து, நீர் கீழே இறங்காதபடி இறுக்க வேண்டும். அதன்பிறகுதான் உவர்நீரைத் தெப்பத்தில் நிறுத்தி, ஒன்றிலிருந்து ஒன்றாகப் பாய்ச்சி, வெயிலில் காய்ச்சுவது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அது வற்றி 25 டிகிரி அடர்த்தியை எட்டினால் பாத்தியில் உப்பு விழத் தொடங்கும். அதை 30 வரை போகவிட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்து விழும். ஆகவே நேரம் பார்த்து, நீண்ட கழியில் பலகை பூட்டிய வாருபலகையால் உப்பை வரப்போரம் இழுத்துச் சேர்த்து, மிஞ்சிய நீரை வெளியேற்ற வேண்டும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் பத்து நாள் வேலை பாழ். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில் இந்த உப்பளங்கள் மூழ்கின, மறுபடியும் முதலிலிருந்து. சென்ற ஆண்டு கட்டிய பாத்தி இந்த ஆண்டு பாத்தி ஆகாது என்பது இங்கே அன்றாட அறிவு. வெயிலையும் காற்றையும் கடலையும் தன்னுடையது என்று இங்கே யாரும் சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை. அவற்றை வாங்கிக்கொள்ளத் தக்கபடி தரையைத் தயாராக வைத்திருப்பதே தொழில்.

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதம் வரும், அதுவே இந்தக் கட்டுரைக்கு எதிரான மிகக் கனமான வாதம். அந்தப் பாத்தி உப்புத் தொழிலாளியுடையது இல்லையே? நிலம் பெரும்பாலும் அரசுடையது, உப்பளக்காரர் குத்தகைதாரர், வாருபலகை பிடிப்பவர் அவருக்குக் கீழே தினக்கூலி. மழைக்காலத்தில் வேலை நின்றுபோவதால், தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அந்தத் தொகையே அவர்கள் நிலைமையைச் சொல்லிவிடும். அப்படியிருக்க, "பேணுகிறவனுக்கே உரியது" என்று ஊருக்குள் உட்கார்ந்து எழுதுவது, நிலமில்லாதவரின் நிலமின்மையைத் தத்துவமாக்கி மெச்சுவது ஆகாதா? ஆகும், பற்றறுத்தலை அவருக்குப் போதித்தால். பற்று விடச் சொல்வது பற்ற ஏதேனும் வைத்திருப்பவருக்குத்தான் பொருந்தும். குத்தகை எப்போது முறியுமோ என்ற பயம் துறவு ஆகாது, அது வெறும் பயம். ஆனால் நான் சொல்லும் அளவுகோல் எந்தப் பக்கம் வெட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பேணுவதே உரிமையின் அளவு என்றால், உப்பளத்தில் அதிக உரிமைக்காரர் தினம் பாத்தி மிதிப்பவர். ஆவணம் மட்டும் வைத்திருப்பவரின் உரிமைதான் தேய்கிறது. இது புதிய வாதமும் இல்லை. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் சொன்னதன் சாரம் இதுவே: கடலும் வெயிலும் கூலியாளின் கையும் சேர்ந்து விளைவித்ததை, எதுவும் செய்யாத ஒரு சர்க்கார் காகிதத்தைக் காட்டித் தனது என்கிறது. காந்தி பின்னர், 1937 ஜனவரியில் திருவிதாங்கூர்ப் பயணத்தில், ஈசாவாஸ்ய உபநிடதத்தின் முதல் மந்திரத்தையே இந்து சமயத்தின் சாரமாகக் காட்டிப் பேசினார். அனைத்திலும் இறைவன் உறைகிறான், ஆகவே விட்டுக்கொடுத்து அனுபவி, பிறன் பொருளை விரும்பாதே என்பது அதன் கருத்து. செல்வர் தம் செல்வத்துக்குச் சொந்தக்காரர் அல்ல, ஊருக்காக அதைக் காக்கும் அறங்காவலரே என்ற அவருடைய தர்மகர்த்தா கொள்கைக்கு வேர் அங்கே இருக்கிறது. அந்தக் கொள்கையை முதலாளிகள் தமக்கு வசதியாக வளைத்துக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. தர்மகர்த்தாவைக் கணக்குக் கேட்க ஆளில்லாவிட்டால் அவர் சாதாரண முதலாளிதான்.

இனி 'புதுப்பிக்கப்பட்ட' என்ற பெருமைக்கு வருவோம். பாத்தியில் விளைச்சலாக நிற்கும் அதே உப்பு, கடலோரக் கட்டடத்தில் சத்துரு. கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பிக்கு ஒரு காப்பு. கடற்காற்றில் வரும் குளோரைடு மெல்ல உள்ளிறங்கி அந்தக் காப்பை உடைக்கிறது. கம்பி துருப்பிடித்து ஊதுகிறது. இடம் போதாமல் சிலாப் விரிகிறது, காரை பெயர்ந்து விழுகிறது. கட்டும்போதே உப்புத் தண்ணீர் கலந்திருந்தால் இது வேகமாக நடக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் கூடாது என்பது ஐ.எஸ். 456 தரவிதி. கடல்நீரில் அது 19,000 அளவில் இருக்கும். பழைய வீட்டை விற்பனைக்குத் தயார் செய்கிறவர்கள் பெரும்பாலும் செய்வது, விரிசலை அடைத்து, பட்டி பார்த்து, இரண்டு கோட்டு பெயிண்ட் அடித்து, மாடியில் வெள்ளைத் தட்டோடு பதிப்பது. அடுத்த மழையில் சுவர் உப்பரித்துப் பூக்கும்போது பத்திரம் கைமாறியிருக்கும். புதுச்சேரியின் பழைய வீடுகளில் இருந்த மெட்ராஸ் டெரஸ் கூரை இந்த விஷயத்தில் நேர்மையானது: தேக்கு விட்டத்தின்மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, நாள்கணக்கில் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்திய அந்தக் கூரை, விட்டம் அரித்தால் காட்டிக்கொடுத்துவிடும், பழுது பார் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி அந்த ஊரிலேயே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடற்கரைச் சாலையில் கட்டப்பட்ட மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி 2021இல் திறந்தார்கள். அது பழைய மேரியா, புதிய மேரியா?

இந்தப் புதிருக்கு நம் கோயில்களில் செயலளவில் ஒரு விடை இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி, குடமுழுக்கு. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்கிறார்கள்: மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கோ அத்திப் பலகைக்கோ மாற்றி, வேறிடத்தில் வைத்துப் பூசை செய்வார்கள். கருவறை சும்மா கிடக்கும். வேலை முடிந்து, பீடத்துக்கும் திருமேனிக்கும் நடுவே அஷ்டபந்தன மருந்து சாத்தி, குடமுழுக்கில் மீண்டும் எழுந்தருளச் செய்வார்கள். சுண்ணாம்பு மாறியிருக்கும், சுதை மாறியிருக்கும், சில நேரம் கோபுரமே மாறியிருக்கும். கோயில் அதுவே, ஏனெனில் பூசை அறவில்லை. கல்லின் தொடர்ச்சி வேறு, பேணுதலின் தொடர்ச்சி வேறு. கோயிலின் அடையாளத்தை மரபு இரண்டாவதில் வைத்தது. அதோடு, சிதைந்துவிட்டது என்று ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் புதுப்பிக்கத் தொடங்குகிறார்கள். சாமியையே வெளியே குடிவைத்துவிட்டு யாரும் சிதைவை மறைக்க முடியாது. வீட்டுச் சந்தையில் புதுப்பித்தல் சிதைவை மூடுகிறது, கோயிலில் அதை அறிவிக்கிறது. கோயில்களை நான் உத்தமமாக்கிக் காட்டுவதாக நினைக்க வேண்டாம். திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சுக் கருவியால் கல்வெட்டுகளைத் தேய்த்தழித்ததும் பழந்தரைமேல் பளபளக்கும் கிரானைட் பதித்ததும் இதே தமிழ்நாட்டில் நடந்தவை. அங்கெல்லாம் வீட்டுத் தரகரின் கண் கோயிலுக்குள் புகுந்துவிட்டது.

வேறொரு பக்கமிருந்து துறவியும் மறுக்கலாம். வீடே நிலையாதது, உடம்பே உயிருக்கு ஒண்டுக்குடித்தனம் என்று வள்ளுவரே நிலையாமை அதிகாரத்தில் வருந்துகிறார், அழியப்போகிற சிலாப்பைப் பேணு என்று சொல்வதில் என்ன ஞானம்? இதற்கு வெண்ணெய்நல்லூரிலேயே விடை கிடைக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் வாழ்ந்த ஊர் அது. அவர் மரபில் உலகம் பொய்த்தோற்றம் கிடையாது. உடம்பும் கருவிகளும் உலகமும் நுகர்பொருள்களும், அதாவது தனு கரண புவன போகங்கள், உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் கூட்டித் தந்தவை. தந்தவை என்பதால் மெய். தந்தவை என்பதாலேயே நம்முடையவை ஆகா. இரவல் வாங்கிய பாத்திரத்தைத் துலக்கித் திருப்பித் தருகிற வீட்டுக்காரிக்கு இந்தச் சித்தாந்தம் விளக்கம் இல்லாமலே புரியும். நிலையாமை பேணாமல் விடுவதற்குக் காரணம் ஆகாது. நிலைத்து நிற்கும் பொருளுக்குப் பேணுதலே வேண்டாம். அழிவது என்பதால்தான் பாத்திக்கு ஆண்டுதோறும் கால் வேண்டியிருக்கிறது. துறவி விட்டுவிடுகிறான், சொந்தக்காரன் பிடித்துக்கொள்கிறான். இருவருமே வேலையிலிருந்து தப்பிக்க வழி இருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்துவது.

கடைசியாக, வீட்டுக்கடன் வாங்கி இருபது ஆண்டு தவணை கட்டுகிற நடுத்தரக் குடும்பத்தின் கேள்வி: உழைத்துச் சேர்த்த காசு, மாதச் சம்பளத்தில் பாதி, இதெல்லாம் உரிமை ஆகாதா? ஆகும். குடியிருப்பதற்கும், யாரும் வெளியே தள்ளாமல் இருப்பதற்கும் அது முழு உரிமை. அந்த நிம்மதியை உப்பளத் தொழிலாளிக்கும் தர வேண்டும் என்பதே நியாயம். ஆனால் தவணை கட்டுவது வங்கிக்குச் செய்யும் கடமை, வீட்டுக்குச் செய்வது அல்ல. காசு கொடுப்பதையே பேணுதலாக எண்ணும் அந்தக் குழப்பம் வளர்ந்தால், நிலம் செய்யும் வேலையே கண்ணில் படாமல் போகும். அதற்கு மும்பையைப் பார்க்கலாம்: தாராவி மறுசீரமைப்புக்காக அங்கே 255.9 ஏக்கர் உப்பள நிலத்தில் வாடகை வீடுகள் கட்ட 2024இல் முடிவெடுத்தார்கள். உப்பளம் என்பது மழைநீர் வந்து நிற்கும் தாழ்நிலமும்கூட என்று அங்கே எதிர்ப்பு எழுந்தது. மரக்காணத்துக்குத் தெற்கே கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்ததால் இந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் காப்பு உண்டு. உப்பளத்துக்கும் அதே காப்பு என்று யாரும் உறுதி சொல்லிவிட முடியாது. சாலையின் இருபுறமும் மனைப்பிரிவுப் பலகைகள் நிற்கின்றன. ஆகவே மொட்டைமாடியோடு வீடு வாங்கப் போகிறவர் வில்லங்கச் சான்றிதழையும் மூலப் பத்திரத்தையும் பார்த்துவிட்டு எழுந்துவிடாமல், குடியிருப்போர் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். மாடித் தளத்தைக் கடைசியாக எப்போது பெயர்த்துப் போட்டார்கள், ஒழுகியது யார் வீட்டில், செலவில் யார் எவ்வளவு கொடுத்தார்கள், கொடுக்காமல் இழுத்தடித்தவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். "தனி மாடி" என்று கூடுதல் விலை கேட்பவரின் பெயருக்கு நேரே அந்தப் பக்கங்களில் என்ன தொகை எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.